தோலை ஒட்டிய முதல் உடுப்பு

1933ஆம் ஆண்டு நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புரூன் மீன்வலையை வெட்டிப் பனியன் செய்தார். குளிர் நாட்டுக்காரர் ஒருவர் ஓட்டைகளே நிறைந்த உடுப்பை உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொள்வது முதல் பார்வைக்கு விபரீதமாகத் தெரியும். ஆனால் அவர் போட்ட கணக்கு சரியானது. வலைக்கண்களுக்குள் காற்று தங்கும். மேலே ஒரு சட்டை இருந்தால் அந்தக் காற்று அசையாமல் நின்று உடற்சூட்டைக் காக்கும். வியர்த்தாலோ, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள அங்கே துணியே அதிகமில்லை. மேல்சட்டையின் கழுத்தைத் திறந்துவிட்டால் சூடும் ஆவியும் உடனே வெளியேறிவிடும். பிரின்யே நிறுவனம் பின்னர் நெய்து விற்ற இந்த வலைப் பனியன், 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரின் உடுப்புகளிலும் இடம்பெற்றது.

இன்று விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனால் ‘பேஸ் லேயர்’ என்ற பெயரில் தோலை ஒட்டி அணியும் உடுப்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. வியர்வையை உறிஞ்சும், உடலைக் குளிர்விக்கும், சூடாக வைக்கும், நாற்றம் அண்டாது, தசைக்கு வலு தரும் என்று ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி தருகிறது. பேச்செல்லாம் நூலிழையைப் பற்றியது: பாலியஸ்டரா, மெரினோ கம்பளியா, பருத்தியா, மூங்கிலா? கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நூலிழை என்ன என்பது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலில் கேட்க வேண்டியது, உடலில் சுரக்கும் வியர்வை எங்கே போகப்போகிறது என்பது. எந்தத் துணியும் வியர்வையை இல்லாமல் ஆக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த மட்டுமே அதனால் முடியும். அதை ஆவியாக்கிக் கொண்டுபோவது காற்று. ஆகவே நாம் ஓடும் ஊரின் காற்று எப்படிப்பட்டது, ஓட்டம் முடிந்து எவ்வளவு நேரம் அந்த உடுப்போடு நிற்கப்போகிறோம் என்ற இரண்டும் தெரியாமல் நல்ல பேஸ் லேயர் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

சூட்டின் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடல் ஏறத்தாழ 600 கிலோ கலோரி செலவிடும். அதில் ஐந்தில் நான்கு பங்கு சூடாகவே வெளிப்படும். அதாவது சுமார் 480 கிலோ கலோரி. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அப்படியானால் அவருடைய சூட்டை எல்லாம் வியர்வையே வெளியேற்ற வேண்டுமென்றால் 800 மில்லிக்குச் சற்று மேல் ஆவியானால் போதும். இந்தக் கணக்கில் சேர்வது ஆவியாகும் வியர்வை மட்டுமே. புருவத்திலிருந்து சொட்டுவதும், சட்டையில் ஊறித் தொங்குவதும் உடலைக் குளிர்விப்பதில்லை. அவை வீணாகப் போன தண்ணீர்.

2001இல் கேவினும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 30 டிகிரி வெப்பம், 35 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் ஒரே ஆட்களைப் பருத்தி உடுப்பிலும், வியர்வையை எளிதில் ஆவியாக்கும் என்று விற்கப்பட்ட செயற்கை இழை உடுப்பிலும், ஏறக்குறைய வெற்றுடம்பாகவும் ஓடவிட்டார்கள். உடலின் உள்வெப்பத்திலோ, இதயத் துடிப்பிலோ சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மிதமான சூட்டில் துணி உடற்சூட்டை மாற்றுவதில்லை என்பதே அவர்கள் எட்டிய முடிவு.

அந்த அறையின் காற்று நம் கடற்கரைக் காற்றைவிட எவ்வளவோ உலர்ந்தது. வியர்வையை ஆவியாக்கும் உந்துதல், நனைந்த தோலின் ஆவியழுத்தத்துக்கும் காற்றின் ஆவியழுத்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. 35 டிகிரியில் நனைந்திருக்கும் தோலின் ஆவியழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். கேவினின் அறைக் காற்றில் அது 1.5தான், இடைவெளி 4.1. சென்னையில் விடியற்காலை 28 டிகிரி, 90 விழுக்காடு ஈரப்பதம் என்றால் காற்றின் ஆவியழுத்தம் 3.4, இடைவெளி 2.2ஆகச் சுருங்கிவிடுகிறது. மெரினாவில் விடியற்காலையில் ஓடுகிறவருக்கு வெயில் இல்லைதான். ஆனால் அந்த அறையில் வியர்வை ஆவியாவதற்கு இருந்த உந்துதலில் பாதியளவே இங்கே இருக்கிறது. தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இதே கதைதான். காற்றே ஏற்க மறுக்கும் ஆவியை எந்தத் துணியாலும் அதனுள் திணிக்க முடியாது.

இதோடு இன்னொரு செய்தியும் சேர்கிறது. துணி வியர்வையை உறிஞ்சித் தோலைவிட்டு விலக்கி, தன் வெளிப்பக்கத்தில் உலர்த்துவதே சிறந்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பிரிட்டனின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹேவனித்தும் உடன் பணியாற்றியவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுபரிசீலனை செய்ய வைத்தது. வியர்வை தோலின் மேலேயே ஆவியானால் அதற்கு வேண்டிய சூடு பெரும்பாலும் உடலிலிருந்து போகிறது. தோலைவிட்டு விலகி, துணி அடுக்குகளில் ஆவியானால் அந்தச் சூட்டின் ஒரு பகுதி சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. உடலுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அந்த அளவுக்குக் குறைகிறது. தோல் உலர்ந்திருப்பது இதமாக இருக்கலாம். ஆனால் அந்த இதமும் உடல் குளிர்வதும் ஒன்றல்ல.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, சமவெளியிலும் கடலோரத்திலும் ஓடுகிறவர் சட்டைக்கு அடியில் இன்னோர் உடுப்பு போட்டுக்கொள்ளத் தேவையே இல்லை என்பது என் முடிவு. ஒரே ஓர் உடுப்பு, மெல்லியதாக, உடம்பில் ஒட்டாமல், கையும் கழுத்தும் திறந்ததாக இருக்கட்டும். கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் ஜெர்சிக்கு அடியில் இறுக்கமான முழுக்கை ‘ஸ்கின்ஸ்’ போடுவது வழக்கமாகிவிட்டது. தரையில் பாய்ந்து விழும்போது சிராய்ப்பைத் தடுக்கவும், நேர்வெயிலிலிருந்து கையைக் காக்கவும் அதற்கு ஒரு பயன் உண்டு. உடலைக் குளிர்விக்கும் என்று நம்பி வாங்கினால் அது பொய்க்கும். வெயிலுக்காகத்தான் என்றால் ஜெர்சியே முழுக்கையாக இருப்பது நல்லது. இரண்டு அடுக்கு வேண்டாம். மெல்லிய வெள்ளைப் பருத்தி வெயிலின் புறஊதாக் கதிரை ஓரளவே தடுக்கும், நனைந்தால் இன்னும் குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நடைப்பயிற்சிக்கும் அரை மணி நேர உடற்பயிற்சிக்கும் நம் பருத்திப் பனியன் தாராளமாகப் போதும். அதை விட்டுவிடச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. பருத்தி தோற்பது நீண்ட தூரத்தில். நனைந்த பருத்தி தன் எடைக்கு மேலும் நீரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் உரசும். ஆண்களுக்கு மார்புக் காம்பில் ரத்தம் வரும்வரை தேய்க்கும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பாலியஸ்டருக்கு மாறியதற்கு உண்மையான காரணம் அது இலேசாகவே இருப்பதும் குறைவாக உரசுவதும்தான்.

தோல் நோயையும் இங்கே சொல்லிவிட வேண்டும். படர்தாமரை இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளாக மருந்துக்கு எளிதில் கட்டுப்படாமல் பரவிவருகிறது. ஈரமும் சூடும் உரசலும் ஒன்றுசேரும் இடுப்பும் தொடையும் அதற்கு வாகான இடங்கள். இறுக்கமான செயற்கை இழை உடுப்பை நனைந்த நிலையிலேயே மணிக்கணக்கில் அணிந்திருக்க வேண்டாம் என்று தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஜிம்மிலிருந்து அப்படியே அலுவலகத்துக்கோ டீக்கடைக்கோ போகிறவர்களுக்கு எந்த பேஸ் லேயர் சிறந்தது என்பதைவிட, மாற்றிக்கொள்ள உலர்ந்த உடுப்பு ஒன்றைப் பையில் வைத்திருக்கிறார்களா என்பதே முக்கியம். வேர்க்குரு வருகிறவர்களுக்கும் இதுவே.

குளிரில் எல்லாம் தலைகீழ்

பேஸ் லேயர் பிறந்ததும் அதற்கு உண்மையான வேலை இருப்பதும் குளிரில். பனிக்காலத்தில் உத்தராகண்டின் கேதார்கந்தாவுக்கு மலையேறப் போகும் நம் இளைஞர்கள், டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் குளிர்காலத்திலும் வெளியே ஓடும் தமிழர்கள் ஆகியோருக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

பனிக்குளிரின் காற்றில் ஆவி மிகக் குறைவு. உந்துதல் ஏராளமாக இருப்பதால் தோலிலிருந்து வியர்வை எளிதில் கிளம்பிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கிளம்பிய ஆவி மேலடுக்குகளின் குளிர்ந்த உட்புறத்தில் பட்டு மீண்டும் நீராகிறது. ஏற்றத்தில் ஏறும்போது அது உறைப்பதில்லை, ஏனென்றால் உடல் கொதித்துக்கொண்டிருக்கிறது. உச்சியில் நின்று படமெடுக்கும் பத்து நிமிடங்களில் எல்லாம் மாறும். தசை சூடு உண்டாக்குவதை நிறுத்திவிடும். நனைந்த துணியோ ஆவியாவதை நிறுத்தாது. நீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். குளிர்நாட்டு பேஸ் லேயரைச் சோதிக்க வேண்டிய நேரம் ஓடும் நேரம் அல்ல, நின்ற பிறகு வரும் அந்த நேரம்.

நார்வேயின் பக்கெவிக்கும் நீல்சனும் 1994இல் இதைத்தான் சோதித்தார்கள். 10 டிகிரிக் குளிரில் நனைந்த உள்ளுடுப்புகளைப் போட்டுக்கொண்டவர்களின் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். கம்பளி, பாலிபுரொப்பிலீன், பருத்தி என்று இழைகள் மாறின, தடிமனும் மாறியது. உடற்சூட்டையும் இதத்தையும் அதிகம் பாதித்தது இழையின் வகை அல்ல, துணியின் தடிமன். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நீல்சனும் எண்ட்ரூசிக்கும் இழையை மாற்றாமல், பாலிபுரொப்பிலீனையே ஐந்து விதப் பின்னல்களில் செய்து 5 டிகிரியில் சோதித்திருந்தார்கள்: ரிப், இன்டர்லாக், உரோமப் பின்னல், இரட்டை அடுக்கு, மீன்வலை. உடலின் உள்வெப்பம் பெரிதாக வேறுபடவில்லை. தோலின் ஈரமும் தோலின் வெப்பமும் பின்னலுக்குப் பின்னல் வேறுபட்டன. ஒரே இழை, ஐந்து வகை அனுபவம். புரூன் தன் மீன்வலையில் கண்டதை ஆய்வகம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அளந்து காட்டியது என்று சொல்லலாம்.

ஆகவே குளிருக்கு வாங்குகிறவர் முதலில் தடிமனைப் பார்க்க வேண்டும். துணியின் எடையை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பது தொழிலின் வழக்கம். திருப்பூரில் ‘ஜிஎஸ்எம்’ என்றால் எல்லோருக்கும் புரியும். 120 முதல் 150 ஜிஎஸ்எம் வரை உள்ளவை மெல்லியவை. 200ஐ ஒட்டியவை நடுத்தரம். 250க்கு மேல் தடிமன். முதல்முறை பனிக்குப் போகிறவர்கள் பயத்தில் ஆகத் தடிமனான ‘தெர்மலை’ வாங்குகிறார்கள். முகாமில் படுத்துத் தூங்க அது நல்லது. ஏறும்போது அதுவே ஆபத்து. ஏறத் தொடங்கிய அரை மணியில் வியர்த்துவிடும். அடியில் போட்டதை நடுவழியில் கழற்றவும் முடியாது. மெல்லியதை அடியில் போட்டு, மேலே கழற்றி மாட்டக்கூடிய அடுக்குகளால் சூட்டைச் சரிசெய்வதே மலைக்காரர்களின் வழி. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஓர் அடுக்கு அதிகம். 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் உடல் 1999இல் கிடைத்தபோது, அவர் பட்டு, பருத்தி, கம்பளி என மெல்லிய அடுக்குகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தது தெரிந்தது. பின்னால் அந்த உடுப்புகளை அதே முறையில் மறுபடி செய்து பார்த்தவர்கள் அவற்றின் இலேசையும் சூட்டையும் கண்டு வியந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் இழை. ஈரத்தை ஏற்கும் தன்மையில் இழைகளுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. சாதாரணக் காற்றில் வைத்திருக்கும்போதே கம்பளி தன் எடையில் 16 விழுக்காடு வரை ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும், பருத்தி சுமார் 8, நைலான் 4, பாலியஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு, பாலிபுரொப்பிலீன் ஏறக்குறைய சுழி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்வாங்கிக்கொண்ட பின்னும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. அப்படி உள்வாங்கும்போது சிறிது சூட்டையும் வெளிவிடும். நின்று நின்று போகும் நடைக்கு, நாள் கணக்கில் துவைக்க முடியாத பயணத்துக்கு, இந்தக் குணங்கள் பெரும் உதவி. முழுக்க நனைந்துவிட்டால் அது பாலியஸ்டரைவிட மெதுவாகவே உலரும் என்பதும் உண்மை. மெல்லிய மெரினோ எளிதில் ஓட்டை விழும் என்பதையும், அதன் விலையையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

கம்பளி என்றால் குத்தும் என்று நம்மில் பலர் நினைப்பதற்குக் காரணம் இழையின் பருமன். 30 மைக்ரானுக்கு மேல் பருமனுள்ள இழை வளையாமல் தோலைக் குத்தும். உள்ளுடுப்புக்கான மெரினோ இழை பெரும்பாலும் 20 மைக்ரானுக்குக் கீழ். நீலகிரி ஆடு என்றொரு இனம் நம்மிடமே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோவும் செவியட்டும் சவுத்டவுனும் கலந்து உருவானது அது. ஊட்டிக்கு அருகில் சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்துவருகிறது. எண்ணிக்கையில் அருகிவிட்ட அந்த ஆட்டின் உரோமம் உள்ளுடுப்பு மெரினோவைவிடப் பருமனானது. ஆனாலும் தமிழ்நாட்டு மலைக்குளிரில் கம்பளி ஆடு வளர்ந்த வரலாறு நமக்கு இருக்கிறது என்பது மகிழ்ச்சியான செய்தி.

கம்பளியைத் தோலோடு ஒட்டி உடுத்த வேண்டும் என்ற இயக்கமே ஒரு காலத்தில் இருந்தது. ஜெர்மானிய விலங்கியலாளர் குஸ்டாவ் யேகர் 1880களில் தாவர இழைகள் உடலுக்குக் கேடு, விலங்கு இழைகளே நலம் என்று எழுதினார். அவர் பெயரில் லண்டனில் 1884இல் கடை வந்தது. அவருடைய மருத்துவக் கொள்கை நிற்கவில்லை. குளிரில் கம்பளி நல்லது என்ற அனுபவம் நின்றது.

செயற்கை இழையின் பக்கத்தில், 1970களில் நார்வேயின் ஹெல்லி ஹான்சன் ‘லிஃபா’ என்ற பாலிபுரொப்பிலீன் உள்ளுடுப்பைக் கொண்டுவந்தது. இழை நீரைச் சற்றும் ஏற்காது என்பதால் ஈரம் தோலருகில் தங்காமல் அடுத்த அடுக்குக்குப் போய்விடும். 1980இல் அமெரிக்காவின் படகோனியா நிறுவனமும் அதையே எடுத்தது. ஆனால் பாலிபுரொப்பிலீன் உருகும் வெப்பம் குறைவு. சலவைக்கூடங்களின் உலர்த்தும் இயந்திரங்களில் அது கெட்டுப்போனது, நாற்றமும் விடாமல் ஒட்டியது. 1985இல் அந்நிறுவனம் பாலியஸ்டருக்கு மாறியது. பாலியஸ்டரும் தன்னளவில் நீரை ஏற்காத இழைதான். இழையின் குறுக்குவெட்டில் வாய்க்கால்களை அமைத்தும், நீரை ஈர்க்கும் பூச்சைத் தந்தும்தான் வியர்வையைப் பரப்ப வைக்கிறார்கள். 1986இல் டுபான்ட் கொண்டுவந்த கூல்மேக்ஸ் முதல் வகை. பூச்சு நாளடைவில் துவைப்பில் போய்விடும், வாய்க்கால் போகாது. புதிதில் நன்றாக இருந்த சட்டை ஓராண்டில் வியர்வையைப் பரப்பாமல் தோலில் ஒட்டத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைப்பது இந்தச் சீரழிவை இன்னும் விரைவாக்கும்.

பனியில் பருத்தி வேண்டாம் என்பதில் மலைக்காரர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை, எனக்கும் இல்லை. நனைந்தால் காற்றறைகள் எல்லாம் நீரால் நிரம்பி, தோலோடு ஒட்டி, உலர நாளெடுக்கும்.

உள்ளுடுப்பால் எல்லாம் ஆகிவிடாது என்பதற்குச் சீனாவின் கன்சு மாகாணத்தில் நடந்த துயரமே சாட்சி. 2021 மே 22 அன்று அங்கு நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் உறைமழையும் பலத்த காற்றும் வந்தன. பெரும்பாலோர் மெல்லிய ஓட்ட உடுப்பில் இருந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலுடுப்பு கட்டாயப் பட்டியலில் இல்லை. 21 பேர் உடல் குளிர்ந்து இறந்தார்கள். அவர்களில் அந்நாட்டின் மிகச் சிறந்த மலையோட்டக்காரர்களும் உண்டு. எத்தனை உயர்ந்த பேஸ் லேயரும் மேலே காற்றுத் தடுப்பு இல்லையென்றால் நனைந்த துணிதான். மலைக்குப் போகிறவர் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்கே போதும் என்றால், மெரினோவை விட்டுவிட்டு மழைச்சட்டையை வாங்க வேண்டும்.

நாற்றம், இறுக்கம், பெண்களுக்கான உடுப்பு

பாலியஸ்டர் சட்டை நாறுகிறது என்பது வெறும் மனப்பிரமை அல்ல. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2014இல் கலேவார்ட்டும் குழுவினரும் 26 பேரை ஒரு மணி நேரம் கடுமையாக மிதிவண்டிப் பயிற்சி செய்ய வைத்து, அவர்களுடைய சட்டைகளை எடுத்துவைத்து, மறுநாள் முகர்ந்து மதிப்பிடச் செய்தார்கள். பாலியஸ்டர் சட்டைகளின் வாடை பருத்தியைவிட மோசமாக மதிப்பிடப்பட்டது. மைக்ரோகாக்கஸ் வகை நுண்ணுயிர்கள் அக்குளைவிடப் பாலியஸ்டரில் நன்றாக வளர்ந்திருந்தன. எண்ணெய்ப்பசையை அந்த இழை விடாமல் பற்றிக்கொள்வதும் சேர்ந்து, துவைத்த பின்னும் வாடையைத் தங்கவைக்கிறது. வெள்ளித் துகள் சேர்த்த துணி இதற்கு மருந்து என்கிறார்கள். சில துணிகளிலிருந்து வெள்ளி ஒருசில துவைப்பிலேயே நீரோடு போய்விடுவதை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காலுறைகளை வைத்துக் காட்டினார்கள். பயிற்சி முடிந்ததும் சட்டையைப் பைக்குள் சுருட்டி வைக்காமல் உடனே அலசிப் போடுவதும், உட்புறத்தை வெளியே திருப்பித் துவைப்பதும் வெள்ளித் துகளைவிட மலிவான, உறுதியான வழிகள்.

உடலை இறுக்கும் கம்ப்ரெஷன் உடுப்புகளுக்குத் தனி விளம்பர உலகம் இருக்கிறது. வேகத்தையும் வலுவையும் கூட்டும் என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு மெலிவு. கடும் பயிற்சிக்குப் பின் அணிந்தால் தசைவலி சற்றுக் குறைவதாகவும், மீளும் காலம் சிறிது குறைவதாகவும் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். நம் ஊர்ச் சூட்டில் ஓடும்போது அணிய அது காரணமாகாது.

பெண்களின் விஷயத்தில் ஆய்வு உலகம் நெடுங்காலம் மௌனமாக இருந்தது வருத்தத்துக்குரியது. உள்ளுடுப்பு பற்றிய பழைய சோதனைகள் பலவற்றில் பங்கேற்றவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்ணுக்கு ஸ்போர்ட்ஸ் பிராதான் உண்மையான முதல் அடுக்கு. ஆண்களுக்கான பேச்சில் அது இடம்பெறுவதே இல்லை. அதுவும் 1977இல்தான் பிறந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் மூவரும் ஆண்களின் விளையாட்டு உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் ஜோவன்னா ஸ்கரின் குழு ஆண்டுக்கணக்கில் அளந்து காட்டியபடி, ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாகவும் அசைகிறது. அதைத் தாங்கும் பொறுப்பின் பெரும்பகுதி தோள்பட்டியில் இல்லை, மார்பைச் சுற்றி வரும் அடிப்பட்டியில் இருக்கிறது. அந்தப் பட்டிக்கும் உடலுக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கையைத் தூக்கினால் பட்டி மேலே ஏறக் கூடாது. வியர்வை அதிகம் தேங்குவதும் தோல் உரியும் அளவுக்கு உரசுவதும் அந்தப் பட்டிக்கு அடியில்தான். ஆகவே பட்டியின் உட்பக்கம் தையல் மேடு இல்லாமல் இருப்பது இழையின் பெயரைவிட முக்கியம். தடித்த பஞ்சு வைத்த கோப்பைகள் வியர்வையைக் குடித்து உலராமல் கனக்கும். கழற்றக்கூடியவையாக இருந்தால் நல்லது. உடலை மறைக்க விரும்பிச் சட்டைக்கு அடியில் முழுக்கை உள்ளுடுப்பும் சேர்த்து அணியும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு மூன்று அடுக்காகிவிடுகிறது. சூட்டுக் கணக்கு அவர்களுக்குத்தான் மிகக் கடுமை. தளர்வான முழுக்கை ஜெர்சி ஒன்றே இரண்டின் வேலையையும் செய்யும். பள்ளி, கல்லூரி அணிகளுக்குச் சீருடை முடிவு செய்கிற ஆசிரியர்கள் இதை யோசித்தே தீர வேண்டும்.

நெருப்பு இருக்கும் இடத்தில் மட்டும் இழையின் கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும். பாலியஸ்டர் 260 டிகிரியை ஒட்டி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். 2006இல் அமெரிக்க மரைன் படை ஈராக்கில் முகாமுக்கு வெளியே செயற்கை இழை உள்ளுடுப்புகளைத் தடைசெய்தது இதனால்தான். இருங்காட்டுக்கோட்டையிலும் பிற ஓடுதளங்களிலும் கார் பந்தயம் ஓட்டுகிறவர்கள் தீத்தாங்கும் உள்ளுடுப்பு அணிவதும் இதே காரணத்தால்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

மூங்கில் இழை என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து வேதிமுறையில் செய்த விஸ்கோஸ். அதை மூங்கில் என்று விற்ற பெரிய கடைகளிடமிருந்து அமெரிக்க வர்த்தக ஆணையம் 2013இலும் 2022இலும் அபராதம் பெற்றது. விஸ்கோஸ் பருத்தியைவிட அதிகமாக நீரைக் குடிக்கும் இழை. அதற்கேற்ற இடத்தில் மட்டும் பயன்படுத்தலாம்.

துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே பரவினால் அது வியர்வையைப் பரப்பும். முத்தாக நின்றால் பரப்பாது. உள்பக்கத் தையலைத் தடவிப் பாருங்கள். ‘ஃபிளாட்லாக்’ தையல் தட்டையாக இருக்கும். சாதாரண ‘ஓவர்லாக்’ மேடாக நின்று நீண்ட ஓட்டத்தில் தோலை அறுக்கும். தோள்மேல் பை மாட்டும் மலையேறிகளுக்குத் தோள் தையல் முன்பக்கம் நகர்ந்திருப்பது நல்லது. குளிருக்கு என்றால் தோலோடு ஒட்ட வேண்டும், மூச்சை அடைக்கக் கூடாது. இடுப்பில் பேண்டுக்குள் செருகும் நீளம் வேண்டும். வாங்கிய பின் சமையலறைத் தராசில் எடை பார்த்துக்கொண்டு, வழக்கமான ஓட்டம் ஓடி, மறுபடி நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராம் கூடியது என்பது எந்த விளம்பரத்தையும்விட நேர்மையான பதில். இரண்டு சட்டைகளை அப்படி ஒப்பிட்டால் உங்கள் உடலுக்கும் உங்கள் ஊருக்கும் எது என்று தெரிந்துவிடும்.

செயற்கை இழையை வாங்குகிறவர் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் நேப்பரும் தாம்சனும் 2016இல் காட்டியபடி, 6 கிலோ பாலியஸ்டர் துணியை ஒரு முறை இயந்திரத்தில் துவைத்தால் 4,96,000 அளவில் நுண்ணிழைகள் கழிவுநீரில் கலக்கலாம். குறைவாக வாங்கி, நீண்ட நாள் உடுத்தி, மென்மையாகத் துவைப்பதைத் தவிர இதற்கு வீட்டளவில் வேறு நல்ல பதில் இல்லை.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. பருத்திப் பனியனில் தொடங்கிய ஊர் இப்போது பாலியஸ்டர் விளையாட்டு உடுப்புகளையும் தைக்கிறது. அங்கு ஒவ்வோர் ஆர்டர் தாளிலும் ஜிஎஸ்எம், பின்னல் வகை, இழைக் கலப்பு, பூச்சு எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அது இல்லாமல் ஒரு மீட்டர் துணிகூடப் பின்ன முடியாது. அதே உடுப்பு கடைக்கு வரும்போது அந்த எண்கள் காணாமல் போய், கூல் என்றும் டிரை என்றும் இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன. வெளிநாட்டு வாங்குநருக்குக் கிராம் கணக்கில் சொல்லத் தெரிந்த நம் தொழில், நம் ஊர் ஓட்டக்காரருக்கும் அதைச் சீட்டில் அச்சிட்டுத் தர வேண்டும்; கடையில் நிற்கும் நாமும் அதைக் கேட்க வேண்டும்.